பால் விடாத டீ

பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். இஞ்சி தட்டிப் போட்டு, காலையில் கறந்த பாலில் தூளைக் கொதிக்கவிட்டு இறக்குவார். மேலே ஆடை மிதக்கும். போன தை மாதம் போயிருந்தபோது அடுப்படியைப் பார்த்து, "எனக்குப் பால் விடாமக் குடுங்க பெரியம்மா" என்றேன். வடிகட்டியும் கையுமாக வெளியே வந்துவிட்டார்.

"ஏண்டா, சுகரா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பாலை விட்டுட்டேன்."

"கறியை விட்டே, சரின்னேன். முட்டையை விட்டே, அதுக்கும் சரின்னேன். பாலு என்னடா பண்ணுச்சு உன்னை?"

பெரியம்மாவிடம் இரண்டு கறவை மாடுகள். பெரியப்பா போன பிறகு, சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவரிடம் பால் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்வது, நெசவாளி வீட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டு பட்டு உடுத்தக் கூடாது என்பதைப் போல. ஆனாலும் கேட்டுவிட்டார். வரட்டீயை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தும் விட்டார். சொல்லித்தான் ஆகவேண்டும்.

கறியை விட்டபோது ஏன் என்று யாருமே கேட்கவில்லை. எனக்கு இதுதான் முதல் ஆச்சரியம். தமிழ்நாட்டில் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மிகக் கொஞ்சம். இந்தியப் பதிவாளர் அலுவலகம் 2014இல் எடுத்த கணக்கின்படி, இங்கே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 விழுக்காட்டினர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியிருந்தும் "நான் சைவம்" என்று ஒருவர் சொன்னால் ஏதோ விரதம் முடித்து வந்தவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறோம். அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் வாடை அடிக்கிறது. 'சைவம் மட்டும்' என்று வாடகை வீட்டு வாசலில் தொங்குகிற அட்டை எதைக் கேட்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது குழம்பை விசாரிக்கவில்லை, சாதியை விசாரிக்கிறது. அடுத்தவர் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துவதற்காக ஒருவர் சைவம் சாப்பிட்டால், அதனால் எந்த ஆட்டுக்கும் நன்மையில்லை.

வள்ளலாரை இங்கே நினைத்துக்கொள்வேன். கொல்லாமையில் அவரைப் போலக் கண்டிப்பானவர் நம் பக்கத்தில் குறைவு. அவர் 1867இல் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே இலை முன்னால் உட்காருகிறவரிடம் நீ வீட்டில் என்ன சாப்பிடுகிறவன் என்று கேட்பதில்லை. பசி ஒன்றுதான் தகுதி.

சைவம் என்ற சொல்லே சமயத்திலிருந்து வந்தது. ஈழத்தில் 'மரக்கறிச் சாப்பாடு' என்றும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். அந்தச் சொல்லில் சாமி இல்லை, செடி இருக்கிறது. நம் 'சைவ'த்துக்குள் பால், தயிர், மோர், நெய் எல்லாம் கேள்வியில்லாமல் அடக்கம். ஆனால் சைவத்துக்கென்று நாம் சொல்லுகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பாலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், இடிக்கிறது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவருக்கும் அவர் நண்பர்களுக்கும் இந்த இடிதான் பட்டது. பாலும் முட்டையும் கூடாது என்று தனியாகப் பிரிந்தார்கள். ஆங்கிலத்தில் 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் மட்டும் எடுத்து 'வீகன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தமிழில் நனிசைவம் என்கிறார்கள்.

"சனி சைவமா? சனிக்கிழமை மட்டுமா?" என்றார் பெரியம்மா.

"நனி. ரொம்பன்னு அர்த்தம்."

"சனின்னா நான்கூட இருப்பேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. புரட்டாசி வந்தால் பெருமாளுக்காகப் பாதித் தமிழ்நாடு கறியை நிறுத்துகிறது. அந்த மாதம் கறிக்கோழி விலை இறங்கும், நாமக்கல்லில் முட்டை தேங்கும். வாங்குகிறவன் கையை மடக்கினால் விற்கிறவன் கத்தியும் மடங்கும் என்பதற்கு வருடாவருடம் நடக்கிற நிரூபணம் இது. வள்ளுவர் புலால் மறுத்தலில் பிடிக்கிற பிடியும் இதுவே. நான் கொல்லவில்லையே, காசு கொடுத்து வாங்கத்தானே செய்கிறேன் என்று நழுவப் பார்க்கிறவனை அவர் விடுவதில்லை. வாங்க ஆளில்லாவிட்டால் விற்க ஏது ஆள் என்று சந்தைக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறார். அறத்துப்பாலில் இப்படி ஒரு வியாபார சூத்திரம்! நான் கறியை விட்டதற்கு முழுக்காரணமும் அதுதான். உயிர் ஒன்று போகிறது, அது போகாமலே எனக்குச் சாப்பாடு கிடைக்கிறது. அதற்குமேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

முட்டையில்தான் கணக்கு கொஞ்சம் மறைவாக ஓடுகிறது. முட்டைக்காக வளர்க்கிற கோழி இனம் வேறு, கறிக்காக வளர்க்கிற இனம் வேறு. முட்டைக்கோழி வருடத்துக்கு முந்நூறுக்கு மேல் இடும். அதன் பூர்வீகமான காட்டுக்கோழி இடுவது ஏறக்குறைய ஒரு டஜன். சரி, இந்த முட்டைக்கோழியை உண்டாக்கப் பொரிக்கிற குஞ்சுகளில் பாதி சேவலாக இருக்குமே, அவை எங்கே? முட்டை இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது. தீவனம் போட்டால் நஷ்டம். உலகத்தில் பெரும்பாலான பொரிப்பகங்களில் முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது. நம் ஊரில் தப்பிப் பிழைக்கிற கொஞ்சம் குஞ்சுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவிழாவில் கூடையில் வைத்துப் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி விற்பார்களே, அவைதான். எட்டு வயதில் நான் வாங்கின ரோஸ் குஞ்சு மூன்றாம் நாள் செத்தது. கொல்லையில் குழி தோண்டிக்கொடுத்தவர் இதே பெரியம்மா.

"அதெல்லாம் சரி. பாலுக்கு வா" என்றார். டீ பாதி ஆறியிருந்தது.

பாலுக்கு வந்தேன். அவரையே கேட்டேன். "மாடு எதுக்கு பெரியம்மா பால் குடுக்குது?"

"கன்னு போட்டா குடுக்கும். இதென்ன கேள்வி?"

அவருக்கு இது கேள்வியே இல்லை. பட்டணத்தில் பாக்கெட்டைக் கிழிக்கிறவர்களுக்குத்தான் இது செய்தி. மாடு என்றால் பால் வந்துகொண்டே இருக்கும் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாடும் ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்துதான் ஈனுகிறது. ஈன்று இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் சினை ஊசி. பால் வற்றாமல் வீட்டுக்கு வரவேண்டுமானால் மாடு கன்று போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கன்றில் பாதி கிடேரி, பாதி காளை.

"கடைசி மூணு ஈத்துல காளைக்கன்னு எத்தனை?"

"ரெண்டு."

"எங்க இருக்கு?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. கொட்டகை விட்டத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு தாம்புக்கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள் எங்கள் பக்கத்தில். லட்சுமி கயிற்றோடு போய்விடும் என்பார்கள்.

"சந்தைக்குப் போச்சு. அங்கேருந்து எங்க போகும்னு தரகனும் சொல்லல, நானும் கேக்கல. கேட்டுத்தான் தெரியணுமா?"

அந்தக் காலத்தில் காளைக்கன்றுக்கு வேலை இருந்தது. ஏர், கமலை, வண்டி என்று வீட்டுக்கு ஒரு ஜோடி தேவைப்பட்டது. டிராக்டரும் பம்புசெட்டும் வந்தபின் அது தீவனம் தின்கிற வாய் மட்டும்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் பசு இன மாடுகள் 19 கோடியே 25 லட்சம். அதில் பெண் மாடுகள் 14 கோடியே 51 லட்சம். பிறக்கும்போது பாதிக்குப் பாதி. எண்ணும்போது ஆண் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் காணாமல் போனவை எங்கேயோ போயிருக்கவேண்டும். மிச்சமிருக்கிற பசுவும் எட்டாவது, ஒன்பதாவது ஈத்துக்குமேல் வற்றினால் அதே வழிதான். எருமைக்கு இன்னும் வெளிப்படை. உலகத்திலேயே அதிகம் எருமை இறைச்சி ஏற்றுமதி செய்கிற நாடு இந்தியா. அந்த எருமைகளில் பெரும்பகுதி பால் பண்ணையத்தின் மிச்சம். பாலும் இறைச்சியும் எதிரெதிர்க் கடைகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கொல்லைப்பக்கம் இரண்டுக்கும் ஒரே கதவு.

"இப்ப கிடேரி ஊசின்னு வந்திருக்குடா. போட்டா பெரும்பாலும் பொட்டைக்கன்னுதான்" என்றார். உண்மைதான். விந்தைப் பாலினம் பிரித்துத் தரும் ஊசி அரசுத் திட்டத்திலேயே வந்துவிட்டது. பிறந்தபின் தள்ளிவிடுவதைவிடப் பிறக்காமலே இருப்பது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். வற்றின மாட்டுக்கு அந்த ஊசியில் வழியில்லை.

பெரியம்மா கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கன்றுக்கு ஒரு காம்பு விட்டுத்தான் கறப்பார். கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் திணித்துத் தாய் முன்னால் நிறுத்திக் கறக்கிற வழக்கம் ஊரில் உண்டு. அவர் அதைச் செய்ததில்லை. எவ்வளவு பிரியமாக வளர்த்தாலும் பால் தொழிலின் கணக்கு காளைக்கன்றை வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான் நான் சொல்லவந்தது. மனிதர் நல்லவராக இருப்பதால் கணக்கு மாறிவிடுவதில்லை.

இந்த முடிச்சில் காந்தியும் மாட்டிக்கொண்டார். கல்கத்தாவில் மாட்டின் கருவழியில் காற்றை ஊதிக் கடைசிச் சொட்டுவரை பால் இறக்குகிற 'பூக்கா' என்ற பழக்கத்தைப் பற்றித் தெரிந்து அவர் மனம் கசந்துபோனது. 1912இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, நண்பர் காலன்பாக்கும் அவரும் பாலை விட்டார்கள். 1918இல் சீதபேதி வந்து சாகக்கிடந்தார். மருத்துவர் பால் குடித்தே ஆகவேண்டும் என்றார். கஸ்தூர்பா ஒரு வழி சொன்னார்: நீங்கள் சபதம் செய்தது பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே. குடித்தார், பிழைத்தார். ஆனால் சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கைவிட்டுவிட்டோம் என்ற முள் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் காந்தியைப் பிடிக்கும். தவறியதையும் தவறியதாகவே கணக்கில் எழுதிவைத்தவர். (1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பூக்காவைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. பாலைக் கூட்டுவதற்காகக் கறவையின் உடம்புக்குக் கேடாகிற ஊசி போடுவதையும்தான்.)

அடுத்த காரணம், காற்று. மாடு அசைபோடுகிறபோது ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது. 20 வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சுடவைக்கும். மனிதரால் வெளியாகிற பசுங்குடில் வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 விழுக்காடு என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் சொன்னது. பிறகு கணக்கைத் திருத்தி 12 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. 2018இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 119 நாடுகளில் 38,700 பண்ணைகளைப் பார்த்து எழுதியது. உலகத்தின் விவசாய நிலத்தில் 83 விழுக்காடு இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் இவற்றுக்காகப் போகிறது. அவை திருப்பித் தருவது நம் கலோரியில் 18 விழுக்காடு.

இந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே கொண்டுவந்து பெரியம்மா தலையில் கொட்டுவது நியாயமில்லை. பிரேசிலில் காட்டை அழித்து மேய்க்கிற மாடும், அறுப்பு முடிந்த வைக்கோலையும் தவிட்டையும் தின்கிற இந்த மாடும் ஒன்றல்ல. வைக்கோலை நான் தின்ன முடியாது. நிலம் என்ற காரணம் இவர் வீட்டுக் கொட்டகையில் பாதிதான் செல்லும். மீத்தேன் மட்டும் முழுசாகச் செல்லும்; பால் குறைவாகக் கறக்கிற மாட்டில், லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால், இன்னும் அதிகமாகவே செல்லும்.

உடம்புக்கு நல்லது என்ற காரணத்தை நான் சொல்வதேயில்லை. சொல்கிறவர்கள் பாதியை மறைக்கிறார்கள். பதப்படுத்தின இறைச்சி புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது உண்மை. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றது. ஆனால் வெள்ளைச் சோறு ஒரு மலை, அதன்மேல் உருளைக்கிழங்கு வறுவல், பக்கத்தில் அப்பளம், முடிந்ததும் ஜாங்கிரி. இதுவும் சுத்த சைவம்தான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் கணக்கு வந்தது. சைவ இலை அதில் யாரையும் காப்பாற்றிவிடவில்லை.

பால், முட்டை எல்லாவற்றையும் விட்டால் பி12 மாத்திரை போட்டே ஆகவேண்டும். அந்த வைட்டமினை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். செடிகொடியில் நம்பிச் சாப்பிடுகிற அளவுக்கு இல்லை. கல்லீரலில் சில வருடச் சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கைகால் மரத்துப்போகும், மறதி வரும், ரத்தம் குறையும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. சத்துணவில் பிள்ளைகளுக்குப் போடுகிற முட்டையை நிறுத்தச் சொல்லிக் கிளம்புகிற சைவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேறு புரதத்துக்கு வழியில்லாத பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத்தான் என் கொள்கை வாழவேண்டுமென்றால், அது வாழவேண்டாம்.

"மாத்திரை தின்னுதான் உயிரோட இருக்கணுமா?"

"நீங்க அயோடின் உப்புதானே போடுறீங்க. அதுமாதிரி. கறிக்கோழித் தீவனத்துலயும் வைட்டமின் கலந்துதான் போடுறாங்க. நான் நேராத் தின்னுக்கிறேன்."

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம், பாலில் 120தான். ஆனால் கேழ்வரகில் இருப்பது முழுசும் உடம்பில் சேராது. முளைகட்டினால் கூடுதலாகச் சேரும். இரும்புக்குக் கீரை, பயறு. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதன் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பால் விட்ட டீ, விடாத டீ இரண்டுக்கும் இது பொருந்தும். ஒரு மணிநேரம் கழித்துக் குடிக்கலாம்.

மற்றபடி சாப்பாட்டில் பெரிய சிரமமில்லை. இட்லி, சாம்பார், ரசம், புட்டு, சுண்டல், கூழ், வற்றல்குழம்பு, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால். நெய்யை மட்டும் கவனித்துக்கொண்டால் நம் சமையலில் முக்கால்வாசி ஏற்கெனவே நனிசைவம்தான். கல்யாண வீட்டில்தான் மாட்டிக்கொள்வேன். பாயசம் வேண்டாம் என்றால் பெண்வீட்டார் முகம் சுருங்கிப்போகிறது. தயிரை விடத்தான் எனக்கு எட்டு மாதம் ஆனது. தயிர்சாதம் என்பது நமக்குச் சாப்பாட்டின் முற்றுப்புள்ளி. அது இல்லாமல் எழுந்தால் வாக்கியம் பாதியில் நின்றது போல இருக்கும். நிலக்கடலைத் தயிர் பண்ணிப் பார்த்தேன். தயிர் என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம், துவையல் என்று நினைத்தால் பரவாயில்லை. டீக்குச் சோயாப்பாலும் பாதாம்பாலும் விலை கட்டாது. வரட்டீதான். இலங்கையில் 'பிளேன் டீ' என்று அதைச் சாதாரணமாகக் குடிக்கிறார்கள். இங்கே கேட்டால் வயிற்றுப்போக்கா என்று விசாரிக்கிறார்கள்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டார். டம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு சாவகாசமாகத் தன் ஆட்டத்தைத் தொடங்கினார்.

"நேத்து ராத்திரி தின்னியே அந்தத் தண்டுக்கீரை. அதுக்கு என்ன எரு போட்டேன்?"

"சாணி."

"ம்."

"தக்கைப்பூண்டு, சணப்பு விதைச்சு மடக்கி உழுதாலும் உரம்தான் பெரியம்மா."

"எதை வச்சு உழுவ? காளையை வச்சா, டிராக்டரை வச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. டிராக்டர் வந்ததால்தான் காளை போனது என்று அரைமணி முன்னால் பேசியவன் நான். சாணியில்லாத விவசாயம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த முக்கால் ஏக்கரில், இந்த வயதில், இவரால் நாளைக்கே முடியுமா என்றால் என்னிடம் பதில் இல்லை. மாடு இல்லாத வீட்டில் இவருக்கு மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் இல்லை.

"நீ குடிக்காட்டிப் போ. சொசைட்டிக்கு ஒரு டம்ளர் கூட ஊத்துறேன்" என்று எழுந்தார். மணி நாலாகப்போகிறது, கறவை நேரம். சின்னக் கிடேரி தாயிடம் போக இழுத்துக்கொண்டிருந்தது, அதன் கழுத்துக் கயிறு நைந்து பிரி பிரியாக விட்டிருந்தது.

"அந்த விட்டத்துல மாட்டியிருக்கிற கயித்துல ஒண்ணை எடு" என்றார். "எனக்கு எட்டாது."

எடுத்துக் கொடுத்தேன்.